எல்லோருக்கும் ஒரே சலுகை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் அவள் போன் போட்டு என் காதைத் தின்றிருப்பாள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம விடுதிக்கு நீங்கள் பொருத்திவிட்டுப் போன இன்டர்நெட் கம்ப்யூட்டர் மேல்தான் மழைக்காலம் முழுக்க என் சாக்ஸைக் காயப்போட்டேன். அவ்வளவு சூடு. சாயங்காலம் எல்லாரும் அறைக்குத் திரும்பினதும் அது மூச்சுத் திணறிப் படுத்துக்கும். இன்று சாயங்காலம் நம்ம விடுதியில் தங்கியிருக்கிற நர்ஸம்மாவுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். நேற்று ஒத்திகை பார்த்தபோதே பாதி வாய் திறந்தபடி திரையில் உறைஞ்சு நின்னாள். பெரிய ஆஸ்பத்திரி வேலை, கெட்டுப்போகக் கூடாதேன்னுதான் காலையிலேயே உங்களைப் போனில் பிடித்தேன். நீங்களும் பல் விளக்கிக்கிட்டே விளக்கினீங்க. அறை விலாசம் வெளியே செல்லாதாம், அதனால கம்ப்யூட்டர் வெளியே போகிற ஒவ்வொண்ணுலேயும் அறை விலாசத்தை எடுத்துட்டு விடுதி விலாசத்தைப் போடணுமாம், பதில் வந்தா மறுபடி மாத்தி அந்தந்த அறைக்குக் கொடுக்கணுமாம். சரி, பாவம். ஆனா கீழ் ஹாலில் படங்களைச் சேர்த்து வெச்சிருக்கிற சினிமாப் பெட்டியிலிருந்து மாடி அறைக்குப் போற படத்துக்கும் எதுக்கு விலாச மாத்தம்னு கேட்டேன். நீங்க வாய் கொப்பளிச்சுத் துப்பினீங்க.

"அதை நான் யோசிக்கலை மச்சான்" என்றீர்கள்.

இத்தனை படிப்பில் அது மட்டும் பாடத்தில் வரலை போல. வீட்டுக்குள்ளே ஓடுறதுக்கு விலாசம் மாத்த வேண்டாம்னு நீங்க சொல்லச் சொல்ல நானே ஒரு வரி தட்டினேன். சூடு பாதியாக் குறைஞ்சுது. போனை வைத்ததும் எனக்கு ஒரு நியாயம் தோணிச்சு. விடுதி நடத்துறவன் ஒருத்தருக்குச் சலுகை காட்டி இன்னொருத்தரை விட்டா சண்டைதானே வரும்? அதனால வெளியே போறதுக்கும் அதே சலுகையை நானே எழுதிட்டேன். இப்போ கம்ப்யூட்டர் சில்லுன்னு இருக்கு. இனி ஆபீஸில் ஏதாவது சந்தேகம்னா கூச்சப்படாம என்னைக் கேளுங்க.

தங்கச்சிக்கு என் ஆசி. மிச்சம் இருந்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு (சில நாள் கழித்து, இதே கடிதத்தில்): வெளியே போனதெல்லாம் அறை விலாசத்தோடே போய்விட்டதால் எதற்கும் பதில் திரும்பி வரவில்லை. நர்ஸம்மா மொட்டைமாடியில் நின்று தன் செல்போனில் நேர்காணலை முடித்தாள். வேலை கிடைத்துவிட்டது, அறையைக் காலி செய்கிறாள். சினிமா மட்டும் தெளிவாக ஓடுகிறது. மெயில் போகாததால் இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பினேன். நீங்கள் சொல்லித்தந்தபடியே உறையில் உங்கள் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் விடுதி விலாசத்தை எழுதியிருந்தேன். தபால்காரர் இன்று காலை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார்.