திஹோமிரின் புத்தகமும் என் மூளையும்

அன்புள்ள யெல்கா அக்காவுக்கு, ரியேகாவிலிருந்து தம்பி ரான்கோ எழுதிக்கொள்வது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நேவென்கா நலம். நான் நலமா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இருபத்தாறு வருடமாகப் பல்கலைக்கழகத் தத்துவ வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: மனம் என்று தனியாக எதுவும் கிடையாது, மூளை செய்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர், மிச்சத்தை விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும். பக்கத்து அறை திஹோமிர் இதற்கு நேர் எதிர். மனத்தை எந்த விஞ்ஞானமும் தொடமுடியாது என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும், அதையே புத்தகமாக எழுதி, அது மூன்றாம் பதிப்பும் வந்து (என்னுடையது முதல் பதிப்பே மாடிப்படிக்கு அடியில் கட்டுக்கட்டாக இருக்கிறது), உங்கள் ஊர் த்ரியெஸ்தே மாநாட்டில் தொடக்க உரைக்கும் அவனையே கூப்பிட்டுவிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மத்தி மீன் பொரித்துக்கொண்டே அவன் புத்தகத்தைப் படிக்கிறாள், அதுவும் பென்சிலால் கோடு போட்டு! என் புத்தகத்தைப் படித்தபோது அவள் பென்சில் தேடியதாக எனக்கு நினைவில்லை.

"அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்றேன்.

"படிச்சா புரியுது," என்றாள் நேவென்கா. "ஏன், வயிறு எரியுதா?"

"எனக்கென்ன எரிச்சல்?"

"மூஞ்சியே சொல்லுதே. உங்க கொள்கைப்படி அது மூளையில ஏதோ நரம்பு துடிக்கிறதுதானே? அது பாட்டுக்குத் துடிக்கட்டும், நீங்க மீனைச் சாப்பிடுங்க."

சாப்பாடு இறங்குமா, அக்கா? மறுநாளே ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் பிடிக்கும் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தேன். பொறாமை இருக்கும் இடத்தைப் படத்தில் காட்டிவிட்டால் அவனுடைய மூன்று பதிப்பும் குப்பைக்குப் போகும் அல்லவா? குழாய்க்குள் படுக்கவைத்து ஒவ்வொரு படமாகக் காட்டினார்கள்: நாற்காலி, நாய்க்குட்டி, அப்புறம் நான் கொடுத்திருந்த திஹோமிரின் போட்டோ. அந்தப் பல்வரிசையைப் பார்த்ததும் தலை தானாக ஆடிவிட்டது. "சார், அசையாதீங்க!" என்று கத்தினாள் டாக்டர்ப் பெண். நான்கு தடவை எடுத்தாள். கடைசியில், "நாய்க்குட்டிக்கு நல்லா வந்திருக்கு சார். இந்த ஆள் வர்றப்பதான் ஒரே கலங்கல்," என்று படத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

விஷயம் அவன் காதுக்கு எப்படிப் போனதோ, காபி அறையில் எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "நான் அப்பவே சொன்னேனேடா, மனசு மெஷின்ல சிக்காதுன்னு! அந்தப் படத்தைக் குடு, அடுத்த பதிப்புக்கு அட்டையாப் போடறேன்," என்கிறான்.

இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை. மாநாட்டுப் பக்கம் நீங்களும் தலைவைத்துப் படுக்காதீர்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் தம்பி,
ரான்கோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் திஹோமிரே வீட்டுக்கு வந்தான். மாநாட்டுக்கு அவன் போகவில்லையாம். தனக்குப் பதிலாக என்னைக் கூப்பிடச் சொல்லி எழுதி, அவர்களும் சம்மதித்துவிட்டார்களாம். "எதிர்த்துப் பேச உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்று கண் கலங்கினான். தங்கமான மனசு, அக்கா! மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எட்டாம் தேதி பஸ் நிலையத்துக்கு அத்தானை அனுப்புங்கள். ஒன்றுதான் உறுத்துகிறது: அவன் ஏன் போகவில்லை? அதே தேதியில் இதைவிடப் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்குமோ? கொஞ்சம் விசாரித்து எழுதவும்.