மூன்றாம் போர்ட்டின் பிழை

காலையில் நிலையம் திறந்து சூடு பிடிப்பதற்குள், லோகேஸ்வரன் கர்ப்பமாக இருக்கிறான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

"லோகேஸ், கொஞ்சம் இங்க வாங்க," என்று கூப்பிட்டார் பஸீஹா மிஸ். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். அதற்கு மேனேஜரும் அவர்தான், கவுண்டரில் இருப்பதும் அவர்தான். "இத வாசிங்க."

லோகேஸ்வரன் குனிந்து வாசித்தான். பெயர்: லோகேஸ்வரன். ஆண். கர்ப்பப் பரிசோதனை: பொசிட்டிவ்.

"வாழ்த்துக்கள்," என்றார் பஸீஹா மிஸ், முகத்தை அசைக்காமல்.

நிலையத்தின் மெஷின்கள், கம்ப்யூட்டர், ஏசி, தண்ணீர் மோட்டர் எல்லாவற்றுக்கும் லோகேஸ்வரன்தான் பொறுப்பு. நேற்றுப் பின்னேரம் ஒரு புதுப் பெட்டியை மாட்டியிருந்தான். மல்டிபிளெக்ஸர் என்று பெயர். ரத்த அணுக்களை எண்ணும் மெஷின், சுகர் பார்க்கும் மெஷின், ஹார்மோன் பார்க்கும் மெஷின், மூன்றும் தனித்தனி வயரில், போர்ட் எனும் தனித்தனி வாயில் சொல்வதை வாங்கி, ஒரே வயரில் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற பெட்டி. அதன் முகப்பில் திருகவோ அமத்தவோ ஒன்றும் கிடையாது. பிரவுஸரில் அதற்கென்று இருக்கும் பக்கத்தைத் திறந்துதான் எதையும் மாற்றலாம். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் பெயரைத்தான் கம்ப்யூட்டரில் பதிந்திருந்தான்.

"சின்னப் பிழைதான் மிஸ். நான் டெஸ்டுக்குப் போட்ட பெயரில வேற ஆரின்டயோ ரிசல்ட் வந்து விழுந்திட்டுது. மூன்றாம் போர்ட்டில ஏதோ மாறியிருக்கு."

"அப்ப இது யார்ட ரிசல்ட்?"

அவனுக்குத் தெரியவில்லை. ரத்தம் எடுத்தது மாக்ரெட். அவர் எல்லாருக்கும் முந்தி வந்து நிலையத்தைத் திறந்து, காலையில் வந்தவர்களின் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, தெமட்டகொடைப் பக்கம் வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போயிருந்தார். போன் அடித்தது; எடுக்கவில்லை.

"பாவம், எந்தப் புள்ளையோ," என்றார் பஸீஹா மிஸ். "இந்தச் செய்திக்கு எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இரிக்கோ. கெதியாச் சரிப்படுத்துங்க."

லோகேஸ்வரன் பெட்டியின் பக்கத்தைத் திறந்தான். இரண்டாம் போர்ட்டையும் மூன்றாம் போர்ட்டையும் இடம் மாற்றி, 'சேவ்' அழுத்தினான்.

சற்று நேரத்தில் கவுண்டரிலிருந்து குரல் வந்தது.

"லோகேஸ், இப்ப ரெண்டு பேர்."

இரண்டாமவர் ஸாலிஹ் ஹாஜியார். வெள்ளைத் தாடியோடு முன் கதிரையில் இருந்தார். அவருடைய சுகர் அளவு நேரே போய்க் கர்ப்பத்துக்கான கட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

"மகள், என்ட சீனி எவ்வளவு? மத்தியானம் கலியாண வீடு. வட்டிலப்பம் திங்க ஏலுமா ஏலாதான்டு மட்டும் செல்லுங்க."

"ஹாஜியார், இந்த ரிப்போர்ட்டுப்படி நீங்க ரெண்டு பேருக்குத் திங்கணும்."

விஷயம் விளங்கியதும் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சிரித்தார். "பேரப்புள்ளைகள் எல்லாம் கலியாணம் முடிக்கிற வயசில எனக்கு இது தேவயா மகன்?"

லோகேஸ்வரனுக்குக் காது சூடாகியது. போர்ட்டில் பிழை இல்லையென்றால் வேகத்தில்தான் பிழை. மெஷின் ஒரு வேகத்தில் பேச, பெட்டி வேறு வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று போர்ட்டுகளின் வேகத்தையும் கூட்டினான். 'சேவ்.'

பிரிண்டர் இரைந்தது. ஒரு தாள் வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு நிற்கவே இல்லை. கேள்விக்குறிகளும் கட்டங்களும் கோடுகளுமாகத் தாள்கள் தரையில் விழுந்து பரவின. ஹாஜியார் ஒன்றை எடுத்து நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"அரபும் இல்ல, சிங்களமும் இல்ல. என்ட சீனி இதுக்குள்ளயா இரிக்கி?"

பஸீஹா மிஸ் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கினார். "லோகேஸ், காலையில பிழையான ரிசல்ட் ஒண்டுதான் இருந்திச்சி. இப்ப சரியான ரிசல்ட் ஒண்டும் இல்ல."

"ஒரே ஒரு நிமிசம் மிஸ்."

பெட்டியின் பின்புறம் ஊசி போகிற அளவில் ஒரு துளை, அதற்குள் ஒரு பொத்தான். அதை அமத்தினால் எல்லாம் கம்பனியில் இருந்து வந்த மாதிரியே ஆகிவிடும். அமத்தினான். ஆகிவிட்டது. அந்தப் பழைய நிலையில் பெட்டிக்கு இருந்த விலாசமும் நிலையத்து இன்டர்நெட் ரூட்டரின் விலாசமும் ஒன்று. ஒரே விலாசத்தில் இரண்டு பேர் குடியிருந்தால் யாருக்குத் தபால் கொடுப்பது என்று தெரியாமல் இன்டர்நெட் நின்றது. கார்ட் மெஷின் நின்றது. மூன்று மெஷின்களும் வாயை மூடிக்கொண்டன.

வரிசை படியிறங்கி ஒழுங்கைக்குப் போயிருந்தது. "மாத்தயா, பொட்டக் இன்ன," என்று ஒருவரைச் சிங்களத்தில் பொறுக்கச் சொல்லிக்கொண்டே பஸீஹா மிஸ் இவனைப் பார்த்த பார்வையில் எந்த மொழியும் இல்லை.

லோகேஸ்வரன் மெஷின் அறைக்குள் போய்ப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். வேலை போய்விடுமோ என்று கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் மனம் அதில் நிற்காமல் அந்த முகம் தெரியாத பெண்ணிடமே போனது. எங்கோ ஒரு பிளாட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பாள். புருஷனிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ. கல்யாணம் முடித்து ஐந்து வருஷத்தில் லோகேஸ்வரனும் சுதர்சினியும் காத்திருந்து காத்திருந்து, இப்போது அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டிருந்தார்கள். யாரோ ஒருத்திக்குக் கிடைத்த சந்தோஷம், கொடுக்க ஆள் தெரியாமல், தன் பெயரில் விழுந்து கிடப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

கதவடியில் ஹாஜியார் நின்றார்.

"மகன், என்ட சீனிக்கு அவசரமில்ல. அந்தப் புள்ளைட காரியத்த மொதல்ல பாருங்க. வட்டிலப்பம் எங்கயும் ஓடாது."

அதுதான் அவனை எழுப்பியது. பெட்டியை ரூட்டரிலிருந்து கழற்றி, ஒரு வயரால் நேரே லெப்டொப்பில் கொழுவினான். பக்கம் திறந்தது. நேற்று மாட்டி முடித்ததும் திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து விலாசம், வேகம், போர்ட் என்று ஒவ்வொன்றாகப் பழையபடி போட்டான். இந்த முறை 'சேவ்' அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

பெட்டியைத் திரும்ப ரூட்டரில் மாட்டியதும் கார்ட் மெஷின் கீச்சிட்டது. இன்டர்நெட் வந்தது. ஹாஜியாரின் சுகர், சுகருக்கான கட்டத்திலேயே, நூற்று நாலு என்று வந்து நின்றது.

"ஒரு சின்னத் துண்டு," என்றார் பஸீஹா மிஸ்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹாஜியார். ஆனால் எழுந்து போகவில்லை. அந்தப் பிள்ளையின் விஷயம் தெரியாமல் அவரால் போக முடியாது போலிருந்தது.

அந்த ரத்தக் குழாயில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான்; அதை ஹார்மோன் மெஷினில் இன்னொருமுறை வைத்தார்கள். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெயர்: லோகேஸ்வரன். ஆண். கர்ப்பப் பரிசோதனை: பொசிட்டிவ்.

"மிஸ், பெட்டியத் திருப்பிக் குடுப்பம்," என்றான் லோகேஸ்வரன். "எனக்கு ஏலாது."

அந்த நேரம் பார்த்து, கையில் ஐஸ் பெட்டியும் நெற்றி நிறைய வியர்வையுமாக மாக்ரெட் உள்ளே வந்தார். லோகேஸ்வரன் ஓடிப்போய் வழியிலேயே மறித்தான்.

"அக்கா, காலமை கர்ப்பம் பாக்கவெண்டு ரத்தம் குடுத்த பிள்ளை ஆர்? இந்தப் பெட்டி என்ர பெயரில ரிசல்ட்டை அடிச்சுக்கொண்டே இருக்கு. பாவம், அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது."

மாக்ரெட் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"பெட்டியில ஒரு பிழையும் இல்ல தம்பி; கம்ப்யூட்டர்ல உங்கட பெயர் திறந்து கிடந்திச்சு, வீட்டுக்காரிதானே எண்டு நான்தான் சுதர்சினியை அதிலயே பதிஞ்சனான்."