மாமாவைக் கழுதைப்புலி என்ற மாப்பிள்ளை விஷயமாக

திஸ்னித், மொரோக்கோ.

மரியாதைக்குரிய பெலைத் அண்ணனுக்குத் தம்பி பிஹியின் ஸலாம். லியேஜ் குளிரில் உங்கள் முழங்கால் வலி அடங்கியிருக்க இறைவன் அருளட்டும். இங்கே எல்லோரும் சுகம். கோபமாக இருப்பவன் நான் ஒருவன்தான்.

போனில் சொன்னால் மறுபடியும் தப்பாகப் போகும் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் சொல்லி அனுப்பிய இத்தெர், என் மகள் ரெகீயாவைப் பெண் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் பெல்ஜியத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு நம் பேச்சில் ஒரு மெய்யெழுத்தையும் அழுத்தி நீட்டிச் சொல்ல வரவில்லை. கூஸ்கூஸ் தட்டைச் சுற்றிப் பாதித் தெரு உட்கார்ந்திருக்கிறது. நான் பேசாமல் சாப்பிடுவதைப் பார்த்தவன், ‘மாமா பேசாம இருக்காரு’ என்று நம் மொழியிலேயே சொல்லி அசத்த நினைத்தான். ‘இஃபிஸ்ஸ்’ என்று நீட்டியிருந்தால் அதுதான் அர்த்தம். இவன் ‘இஃபிஸ்’ என்று வெட்டினான். கழுதைப்புலி! என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டே, மாமா கழுதைப்புலி என்கிறான். எதிர்வீட்டு ஹம்முவுக்குப் புரையேறிவிட்டது.

அதைச் சரிக்கட்ட என் வீட்டுக்காரி இஜ்ஜாவிடம் திரும்பி, “நீங்க எனக்கு இம்மி மாதிரி”, அதாவது தாய் மாதிரி, என்று சொல்லப் போனான். வந்தது ‘இமி’. வாய்!

“வாயாமே! நான் ஓயாம பேசுறேன்னு குத்திக் காட்டுறான், கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!” என்று இஜ்ஜா தேநீர்க் கெண்டியோடு எழுந்து போய்விட்டாள். ரெகீயா அவனை முற்றத்துக்கு இழுத்துப் போனாள்.

அன்று மாலை, ரெகீயா என்ன சொன்னாள் என்று நீங்கள் போனில் விசாரித்தபோது இஜ்ஜா சலித்துப்போய்ச் சொன்னது ‘த்துத்’. அதை மறந்துவிடு என்று அர்த்தம். உங்கள் காதில் விழுந்தது ‘துத்’, அவள் அடித்தாள் என்று. முதல் எழுத்தை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் அந்த நேரத்தில் சத்தமே வராதே! நேரில் என்றால் முகத்தைப் பார்த்தாவது ஊகிக்கலாம். நீங்களோ பையனின் பெற்றோரிடம் ஓடிப்போய், பெண் அவனை அடித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டீர்கள். அவன் அம்மா போனில் அழுகிறாள். ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: ரெகீயா யாரையும் அடிக்கவில்லை. இந்தச் சம்பந்தமும் வேண்டாம். இரண்டையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணிக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் தம்பி,
பிஹி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ரெகீயா இதைப் படித்துவிட்டு, “அடிச்சேன்ப்பா” என்கிறாள். முற்றத்தில் உச்சரிப்புப் பாடம் நடந்திருக்கிறது, அவன் வெட்டிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு அடி. இன்று காலை அவன் வந்தான். “அடி வாங்கியுமா கட்டிக்கணுங்கறே?” என்றேன். “நான் தப்பாப் பேசினா அங்க பெல்ஜியத்துல நம்ம ஆளுங்க எல்லாரும் சிரிப்பாங்க மாமா. உக்காந்து சொல்லிக்குடுத்தது இவ மட்டும்தான்” என்றான். சரி என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அவன் அம்மாவிடம், அடித்தது உண்மைதான், மருதாணிக்கு ஆள் சொல்லியாயிற்று, கிளம்பி வரட்டும் என்று சொல்லவும்.