மாண்புமிகு தக்காளி

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால், நிலவில் கால் வைத்ததைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் வட கனடாவில் எங்கள் ஹட்சன் விரிகுடாக் கரைக்கு வந்து பனிப்புயலில் பழுத்த தக்காளியைப் பார்த்ததில்லை.

இங்கே ஜூன் கடைசியில் மண் இளகும். ஆகஸ்ட் முடிவதற்குள் மறுபடி இறுகும். இந்த இடைவெளியில் எங்கள் ஜனங்கள் உருளைக்கிழங்கு போட்டு, கோலிக்குண்டு அளவில் தோண்டியெடுத்து, அதையும் ருசித்துத் தின்று வந்தார்கள். இந்தப் ‘பின்தங்கிய திருப்தி’யை ஒழிக்கவே அரசு எங்களுக்குப் பசுமைக்குடில் தந்தது. நான் அதன் குழுச் செயலாளர். தலைவர் மர்டோ ஸ்பென்ஸ், தேவாலயத்துக்குள் பூட்ஸோடு போகிறவர், குடிலுக்குள் வெறுங்காலோடுதான் நுழைவார்.

இந்த வருடம் உறைந்த ஆறு சீக்கிரமே உருகிவிட்டது. பனிச்சாலையாக அதன்மேல் வரவேண்டிய டீசல் லாரிகளில் பாதி வரவில்லை. மறுபடி குளிர் வந்ததும் குழு ஆழ்ந்து சிந்தித்து, வீடுகளைச் சூடாக்கும் டீசலைக் குறைத்துக் குடிலுக்கு முழுதாகக் கொடுத்தது. மனிதர்கள் கம்பளி போர்த்திக்கொள்ளலாம். தக்காளிக்குக் கை கிடையாது.

மறுநாள் எங்கள் ஊர் டெல்ஃபின் பியர்டி கைக்குழந்தையோடு குடிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது.

“இது செடிங்க இருக்கிற இடம்மா,” என்றார் மர்டோ.

“தெரியும் மாமா. வீட்டுல குழாயே உறைஞ்சு கிடக்கு. பிள்ளை இருமுறது கேக்குதில்ல?”

“அதைத்தான் சொல்றேன். இப்படி இருமினா இலைக்கு ஏதாச்சும் ஒட்டிக்கும்.”

“இலைக்கா?”

நான் விதியை விளக்கினேன். “நாத்துங்களுக்கு மட்டும்தான் அனுமதி.”

“அப்ப இவளையும் நாத்துன்னு சேத்துக்குங்க. வளரத்தானே போறா.”

மர்டோ தாடியைத் தடவினார். “என்ன ரகம்னு மேல கேப்பாங்களே?”

“குளிர் தாங்காத ரகம்னு சொல்லுங்க.”

ஜனநாயக முறைப்படி வாக்கெடுத்தோம். ‘அயல் உயிரி அகற்றம்’ ஒருமனதாக நிறைவேறியது. கதவைத் திறந்துவிட்டவன் நான்தான். குளிர் உள்ளே புகுந்துவிடாதபடி உடனே மூடியவனும் நான்தான்.

அடுத்த வாரம் விமானத்தில் அமைச்சர் அம்மா வந்தார். ஒரு துண்டு தக்காளி தின்றார். “அப்படியே கடையில வாங்கினது மாதிரி இருக்கே,” என்று புகழ்ந்து மர்டோவுக்குப் பதக்கம் அணிவித்தார். அவர் திரும்பும்போது ஓடுதளத்தில் டெல்ஃபின் நின்றிருந்தாள். தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அதே விமானத்தில் அவளுக்கு இடம் கேட்டிருந்தாள் ஊர் நர்ஸ்.

“பிள்ளைக்கு என்ன?” என்றார் அமைச்சர்.

“நுரையீரல்ல சளிங்கம்மா,” என்றார் மர்டோ, பதக்கத்தை நேராக்கியபடி. “என்ன செய்யறது, எங்க சனத்துக்கு எதையும் வளர்க்கத் தெரியல.”

அமைச்சர் நெகிழ்ந்துபோனார். வீடுகளுக்கென்று மிஞ்சியிருந்த டீசலையும் குடிலுக்கே ஒதுக்குவதாக அந்த இடத்திலேயே அறிவித்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். டெல்ஃபின் தட்டவில்லை. அவள் கையில் பிள்ளை இருந்தது.