கிரைண்டருக்கு அடியில் வைக்கும் ரப்பர்

பாண்டிராஜ் ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தான்.

"பால் பாக்கெட் எங்க?" என்றாள் முத்துமீனா.

"நீ சொல்லலையே."

"காலையில சொன்னேன். மத்தியானம் போன் போட்டுச் சொன்னேன்."

"மெஷின் சத்தத்துல எங்க கேக்குது?"

"என் குரலு உங்களுக்கு எப்பத்தான் கேட்டிருக்கு?"

அவன் குரலை உயர்த்தினான். அவள் இன்னும் உயர்த்தினாள். மாடியில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. பவதாரிணி கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு உள்ளறையிலிருந்து வந்து நின்றாள்.

"அப்பா, பிளஸ் டூ பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு."

முத்துமீனா கையை மேலே காட்டினாள். "தெனமும் நீங்க வந்து பத்து நிமிசத்துல ஆரம்பிச்சிருது. ஊருக்கெல்லாம் ரப்பர் பண்ணிக் குடுக்கிறீங்க. தலைக்கு மேல ஓடுறத நிறுத்த முடியல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் திருவாதவூருக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள்.

அவனுக்குக் கப்பலூர் ரப்பர் கம்பெனியில் வேலை. எந்திரங்களுக்கு அடியில் வைக்கும் ரப்பருக்கு அவன்தான் கலவை போடுகிறவன். ரப்பர் மெத்தென்று இருந்தால் எந்திரம் ஆடும். கெட்டியாக இருந்தால் அதிர்வு அப்படியே தரைக்கு இறங்கும். நடுவில் ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தில் ரப்பர் அதிர்வைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, லேசாகச் சூடாகி, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அவன் தேடுவது அதைத்தான்.

மறுநாள் கரித்தூளைக் குறைத்து எண்ணெயைக் கூட்டி நான்கு வில்லைகள் போட்டான். பிரஸ் ஓட்டும் சங்கிலி என்ற பையன் ஒரு வில்லையை அமுக்கிப் பார்த்தான்.

"யாருக்குண்ணே?"

"மாடி வீட்டுக் கிரைண்டருக்கு."

"லாரி என்ஜினையே அடக்குறோம். கிரைண்டர் என்னண்ணே கிரைண்டர்!"

மாடியில் லட்சுமிநாராயணன் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள். அவர் மனைவி நாகமணி காபி கொடுத்தாள். வில்லைகளைப் பாண்டிராஜே கிரைண்டருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தான்.

அன்று மாலை சத்தம் பாதியாகக் குறைந்தது.

"பாத்தியா?" என்றான்.

"இத ஒரு வருசத்துக்கு முன்னாடியே செஞ்சா என்ன?"

"அப்ப நீ கேக்கல."

"நான் கேக்கலையா? நானா?"

அது நீண்டது. ஐந்தாவது நிமிடம் மாடியில் மிக்சியும் சேர்ந்துகொண்டது.

மிக்சிக்கு ஒரு விரிப்பு செய்தான். இந்த முறை பியூட்டைல் ரப்பர். கீழே போட்டால் துள்ளாமல் செத்தது போல் கிடக்கும் ரகம். மிக்சி அடங்கியது.

"இம்புட்டு அறிவ வச்சுக்கிட்டு எங்க தம்பி கல்யாணத்துக்கு ஏன் லீவு போடல?" என்றாள் முத்துமீனா.

அவன் பதில் சொன்னான். மாடியில் வாஷிங் மெஷின் ஓட ஆரம்பித்தது.

வாஷிங் மெஷினுக்கு அடியிலும் வைத்தான். வெள்ளிக்கிழமை மாலை நாகமணி இரும்பு உரலில் எதையோ இடித்தாள். நெடுநேரம் இடித்தாள்.

"உரலுக்கு என்ன ரப்பர்ணே போடுவீங்க?" என்றான் சங்கிலி. "பேசாம காதுல அடைக்கிற மாதிரி ரெண்டு போட்டுத் தரவா?"

பாண்டிராஜ் யோசித்தான். "ஆறாப் போடு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. துணிப்பை வாசலில் இருந்தது. பவதாரிணியின் புத்தகங்கள் ஒரு அரிசிச் சாக்கில் இருந்தன. பாண்டிராஜ் கடைசியாக ஒன்று செய்து வைத்திருந்தான். சமையலறைத் தரை முழுவதும் விரிக்கிற ஒரே விரிப்பு. முப்பது கிலோ. சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினான்.

"இன்னைக்கு விட்டா எம்பொண்டாட்டி ஊருக்குப் போயிருவாக்கா" என்றான்.

நாகமணி கதவைத் திறந்து வழிவிட்டாள். கூடத்தில் அவள் மகள் மீனலோசனி புத்தகத்தின் மேல் குனிந்திருந்தாள். அவளும் பிளஸ் டூ.

விரித்து முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஓட்டிக் காட்டுங்கக்கா."

நாகமணி கிரைண்டரில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி சுவிட்சைத் தட்டினாள்.

"அரிசியும் போடுங்க. அப்பத்தான் சரியாத் தெரியும்."

"அரிசி ஊறப் போடலையே தம்பி."

"நேத்து என்ன ஆட்டுனீங்க?"

"நேத்தும் ஊறப் போடல."

அவன் கிரைண்டரை நிறுத்தினான். மிக்சியின் மூடியைத் திறந்தான். காலி. உரல் துடைத்து வைத்தது போல் இருந்தது. நாகமணி கணவனைப் பார்த்தாள். லட்சுமிநாராயணன் ஜன்னலைப் பார்த்தார்.

மீனலோசனி தலை நிமிரவில்லை.

"நாங்க சண்டை போட்டா எங்க பாஷையில போட்டுக்குவோம் அங்கிள். நீங்களும் ஆன்ட்டியும் தமிழ்ல போடுறீங்க. ஒரு வார்த்தை விடாமப் புரியுது. நான் படிக்கணும்னுதான் அம்மா கிரைண்டரப் போடுறாங்க."