ஆமென் சொல்ல ஆள் வேண்டும்

எந்தச் சபையிலும் இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். "யாராவது ஜெபம் பண்ணுங்களேன்" என்று போதகர் சொல்லி முடிப்பதற்குள் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பும். அவரும் துளிகூட எதிர்பார்க்காதவர் போல லேசாகத் திடுக்கிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நிற்பார். அந்தத் திடுக்கிடலும் செருமலும் வீட்டிலேயே தயாரானவை. ஜெபவீரர் என்று இவருக்குப் பெயர்.

கோச்கோர் ஊரில் டயர் கடை வைத்திருக்கும் ஜாங்கோரோஸைப் பாருங்கள். எங்கள் கிர்கிஸ் ஜனங்களுக்குச் சாப்பாடு முடிந்ததும் உள்ளங்கைகளை விரித்து யாராவது ஒருவர் வாழ்த்திச் சொல்ல வேண்டும். அதுதான் பாத்தா. முடிவில் எல்லோரும் ஆமென் சொல்லி முகத்தைத் தடவிக்கொள்வார்கள். இயேசுவை ஏற்றுக்கொண்ட பிறகு ஜாங்கோரோஸ் குடியை விட்டார், கள்ள டயர் விற்பதை விட்டார், பாத்தாவை மட்டும் விடவில்லை. அதை ஜெபமாக மாற்றிக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒன்று சேர்த்துக்கொண்டார். அவர் வாயைத் திறந்தால் வானத்தையும் பூமியையும் படைத்தவரில் தொடங்கி, நோவாவின் பேழையில் ஏறி, செங்கடலைக் கடந்து, நாட்டின் அதிபரையும் அமைச்சர்களையும் ஆசீர்வதித்து, இஸிக்கூல் ஏரி மீன்களைப் பெருகச் செய்து, தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகும் சாலையின் பள்ளங்களை நிரப்பி, சமைத்த கைகளுக்கு வந்து சேர்வார். அதற்குள் பெஷ்பர்மாக் இறைச்சியின் கொழுப்பு தட்டில் வெள்ளையாக உறைந்திருக்கும்.

"அண்ணே, பேழை தரை தட்டியாச்சு, இறங்குங்க!" என்று யாராவது கிசுகிசுப்பார்கள். மேஜைத் துணிக்கு அடியில் மனைவி பூருல் தொடையைக் கிள்ளுவாள். நிறுத்துவாரா? கண்ணை இறுக மூடியவருக்குக் கிள்ளல் எம்மாத்திரம்!

ஒரு ஞாயிறு, வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் எல்லோரையும் உற்றுப் பார்த்து, "உங்களுக்கும் இயேசுவுக்கும் தனிப்பட்ட உறவு இருக்கா? இல்ல, பழக்கத்துக்கு வந்து போறீங்களா? உள்ளுக்குள்ள தேடிப் பாருங்க" என்றார். சபை தலை குனிந்து தேடத் தொடங்கியது. ஜாங்கோரோஸ் மட்டும் எழுந்து, அந்த உறவு இல்லாத பரிதாபத்துக்குரிய ஆத்துமாக்களுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார். தன் பையைத் தடவிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களின் பையில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

பனிக்காலத்தில் பூருல் நாரினில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போன் வந்தது.

"என்னங்க, எனக்குப் பித்தப்பை வெடிக்கிற மாதிரி இருக்காம். இன்னைக்கே ஆபரேஷன்னு சொல்றாங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"பயப்படாதே புள்ள. சபையில எல்லாரையும் ஜெபிக்கச் சொல்றேன்."

"சபை இருக்கட்டுங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க. எனக்காக."

"இதெல்லாம் சொல்லணுமா?" என்றார் அவர். உடனே போதகருக்குப் போன் போட்டு ஜெபிக்கச் சொன்னார். வாலிபர் குழுவுக்குச் சொன்னார். பிஷ்கெக்கில் இருக்கும் சகோதரிகளுக்குச் சொன்னார். வேலை தீர்ந்தது என்று நாரினுக்கு வண்டியை எடுத்தார்.

வழியில் தொலோன் கணவாயில் பனி சரிந்து சாலை மூடிக்கிடந்தது. பனி அள்ளும் வண்டி வரும்வரை நகர முடியாது. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சரி, ஜெபிக்கலாம் என்று உள்ளங்கைகளை விரித்தார். "வானத்தையும் பூமியையும் படைத்தவரே..." குரல் நன்றாகத்தான் எழுந்தது. ஆனால் பின்சீட்டில் யாரும் உம் கொட்டவில்லை. செங்கடல் வரை போனவர் ஒரு கண்ணைத் திறந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். பழைய டயர் ஒன்று உட்கார்ந்திருந்தது. மறுபடி தொடங்கினார். "அன்பான சகோதர சகோதரிகளே..." என்று வந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது. தனக்குத்தானே பாத்தா சொல்லிக்கொண்டவன் இந்த மலைகளில் இதுவரை பிறக்கவில்லை. கேட்க ஆள் இல்லாத ஜெபத்துக்கு எங்கிருந்து வார்த்தை எடுப்பது?

அப்போது ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார் ஒருவர். பின்னால் நின்ற லாரியில் செம்மறிகளோடு வந்த வியாபாரி.

"தீப்பெட்டி இருக்குமாண்ணே?"

ஜாங்கோரோஸ் அவரைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "உட்காருங்க, உட்காருங்க. என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். ஒரு ஜெபம் பண்ணிக்கலாம்."

"நான் பள்ளிவாசல் ஆளுண்ணே."

"பரவாயில்ல, கையை விரிங்க!"

அட, என்ன ஜெபம்! பேழை மிதந்தது, கடல் பிளந்தது, மருத்துவர்களின் கரங்களும் ஆஸ்பத்திரிகளின் கூரைகளும் ஆசீர்வதிக்கப்பட்டன, லாரியில் இருந்த ஆடுகளுக்கும் பங்கு கிடைத்தது. வியாபாரி மரியாதையாக முகத்தைத் தடவிக்கொண்டார்.

"ஆமென். பிரமாதம்ணே, மெய்சிலிர்த்துப் போச்சு." கதவைத் திறந்தவர் நின்று, "ஆமா, உங்க வீட்டம்மா பேரு என்ன? நானும் எங்க தொழுகையில சொல்றேன். நீங்க பேரையே சொல்லலியே?" என்றார்.

"பூருல்" என்றார் ஜாங்கோரோஸ்.

வியாபாரி ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். ஜாங்கோரோஸ் கையை விரிக்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "கர்த்தரே" என்றார். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், "என் பேரு ஜாங்கோரோஸ். கோச்கோர்ல டயர் கடை வச்சிருக்கேன்" என்றார். சொன்ன மாத்திரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் நெருங்கிய சொந்தம் என்று தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கர்த்தரிடம், முதல் தடவை வீட்டுக்கு வந்த விருந்தாளி போலப் பெயர் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்றே! "பூருல் பயந்துகிட்டு இருக்கா. எனக்கும் பயமா இருக்கு. அவ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அழுதார். ஆமென் சொல்லக்கூட மறந்துபோனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்தார்.

பூருல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு வருஷத்துல இதுதாங்க ஜெபம். தயவுசெஞ்சு இதை ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சொல்லிடாதீங்க."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

சொல்லாமல் இருந்தாரா? இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும்? கணவாயும் பனியும் பழைய டயரும் இப்போது அவர் ஜெபத்தில் செங்கடலுக்கும் மீன்களுக்கும் நடுவில் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டன. கண்ணீர் வரும் இடத்தில் குரல் சரியாக உடைகிறது. பூருல் பழையபடி கிள்ளுகிறாள்.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். சிரித்த கையோடு, நம் கதை என்னவென்று பார்த்துவிடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். கர்த்தரே என்றேன். அடுத்த வாக்கியம் அவ்வளவு அழகாக வந்தது, எழுதிவைத்துக்கொள்ள எழுந்துவிட்டேன். திரும்பி வந்தபோது சொல்ல ஒன்றுமில்லை. நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்களேன். இல்லை, இதைப் படிக்கக் கொடுக்க வேண்டிய ஆள் ஒருவர் அதற்குள் உங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டாரா? அப்படியானால் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. நீங்களும் எங்கள் ஆள்தான்.