எந்த வெற்றிலை திருடியது?

தணல்சாமியிடம் கல் ஏந்தினால் உண்மை வெளியே வந்துவிடும். 1989-இல் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இதைச் சந்தேகப்பட்டவர் யாரும் கிடையாது. சந்தேகப்பட்டால் கண் போய்விடும் என்று சாமியே சொல்லியிருந்தார். கண் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த அந்த ரோட்டோரக் கொட்டகை முன்னால் எல்லா பஸ்ஸும் நின்றன. கண்டக்டர்கள் அந்த இடத்துக்குக் கல்லுச்சாமி ஸ்டாப் என்று பெயர் வைத்து டிக்கெட் கிழித்தார்கள். கான்சாபுரத்திலிருந்து ஆடு காணாமல் போனவர்கள் வந்தார்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து வரப்பு காணாமல் போனவர்கள் வந்தார்கள். மனைவி மேல் சந்தேகம் உள்ளவர்கள் மனைவியையே துணைக்கு அழைத்து வந்தார்கள்.

விசாரணை முறை எளிது. கொட்டகைக்குள் ஒரு குழி நிறையத் துருத்தி போட்டு ஊதிய கரித்தணல். அதில் பாதி புதைந்து இரண்டு வெள்ளைக் கற்கள், செங்கல் அளவில். அய்யனார் கோவில் அருவிக்கு மேலே, மனித வாடை படாத குகையில் கிடைத்தவை என்பது சாமியின் வாக்கு. குற்றம் சொல்பவர் முதலில் கல் ஏந்த வேண்டும். அது பொய்ப் புகார் இல்லை என்பதற்கு. பிறகு குற்றம் சாட்டப்பட்டவர். உள்ளங்கையில் ஒரு வெற்றிலை. சாமி இடுக்கியால் கல்லை எடுத்து ஒரு புரட்டுப் புரட்டி, செக்கச் சிவந்த பக்கம் மேலே தெரியும்படி வெற்றிலைமேல் வைத்துப் பத்து எண்ணுவார். யோக்கியன் கையில் வெற்றிலை பச்சையாகவே இருக்கும். திருடன் கையில் வெற்றிலையும் வேகும், கையும் வேகும்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. குற்றம் சொன்னவர் கை இதுவரை ஒருமுறைகூட வெந்ததில்லை. அவர்கள் வெள்ளிக்கிழமையே தனியாக வந்து, காணிக்கை வைத்து, விவரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றொரு விதியும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நம் சார்பில் நினைப்பதற்குத்தான் சாமி இருக்கிறாரே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானபாக்கியத்தின் முறை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிறவள். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ரத்தினத்துக்குச் சங்கிலி காணாமல் போயிற்று. அன்றைக்கு ரத்தினத்தின் வீட்டுக்குள் தண்ணீர் எடுக்கப் போனவள் ஞானபாக்கியம். கல் ஏந்த மறுத்தால் திருடி. ஏந்திக் கை வெந்தாலும் திருடி. அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிற கை வெந்துவிட்டால் மில்லில் வேலை கிடையாது. வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. அந்த ஒரு கையில்தான் இருவர் சோறும் இருந்தது.

அவளோடு கூட வந்தவர் பிச்சை முகம்மது. அதே மில்லில் ஃபிட்டர். அதற்கு முன் ஏழு வருஷம் வளைகுடாவில் உலை கட்டுகிற வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார், எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பவும் மாட்டார். அந்த நாளில் இது ஒரு வியாதியாகக் கருதப்பட்டது.

முதலில் ரத்தினம் ஏந்தினாள். சாமி பத்து எண்ணினார். வெற்றிலை பச்சை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிச்சை முகம்மது சாமியின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தினத்துக்குச் சாமி கல்லை எடுத்தது அப்பளம் எடுத்த மாதிரி இருந்தது. இப்போது ஞானபாக்கியத்துக்காக அடுத்த கல்லில் இடுக்கியைப் போட்டதும் கையில் நரம்பு புடைத்தது.

“வலது கை வேண்டாம் சாமி. முடிச்சுப் போடுற கை. இடது கைய நீட்டுதேன்” என்றாள் ஞானபாக்கியம்.

“உண்மைக்கு இடது கிடையாது. நீட்டு தாயி.”

“செத்த நேரம் பொறுங்க சாமி” என்று முன்னால் வந்தார் பிச்சை முகம்மது. “கல்லுக்கு யார் திருடன்னு தெரியும்லா?”

“தெரியும்.”

“அப்போ மொதல்ல கைய விட்டுட்டு உங்க மணையில வச்சுப் பாப்போம். ரெண்டு வெத்தலை, ரெண்டு கல்லு. மணை எதையும் திருடல. ரெண்டு வெத்தலையும் பச்சையாத்தான இருக்கணும்.”

“மணையில வச்சா கல்லுக்குத் தீட்டு.”

“நீங்க உக்காருற மணைதான சாமி?”

சாமி தணலைக் கிளற ஆரம்பித்தார். அதற்குள் கூட்டத்துக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு காட்சி கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? “வச்சுத்தான் காட்டுங்களேன் சாமி. உங்க மகிமை பாய்க்கும் தெரியட்டும்” என்றார்கள். மறுத்தால் மகிமை குறையும். சாமி மணையில் இரண்டு வெற்றிலை போட்டு, இரண்டு கல்லையும் வைத்தார்.

ஒரு வெற்றிலை அப்படியே கிடந்தது. மற்றது சுருண்டு, கருகி, மணையிலும் புகை கிளம்பியது.

“எந்த வெத்தலை திருடிச்சு சாமி?” என்று கேட்டார் பிச்சை முகம்மது.

சாமிக்காகக் கூட்டத்தில் ஒருவர் பதில் சொன்னார். “அந்த வெத்தலைய எந்தக் கடையில வாங்குனாகளோ. திருட்டு வெத்தலையா இருக்கும்.” நாலைந்து பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். நம்பிக்கை என்பது லேசில் சாகிற உயிர் அல்ல.

பிச்சை முகம்மது சிரிக்கவில்லை. கற்களை மறுபடி தணலில் போடச் செய்தார். ஒரே ஒரு வெற்றிலையை எடுத்து, கூட்டத்துக்குக் காட்டி, நடுவில் கிழித்தார். கற்கள் சிவந்ததும், சாமி செய்தது போலவே புரட்டி, அதற்குப் பாதி, இதற்குப் பாதி வைத்தார். லேசான கல்லின் கீழே பாதி வெற்றிலை பச்சை. கனத்த கல்லின் கீழே பாதி வெற்றிலை கரி.

“ஒரே கொடியில பறிச்ச ஒரே வெத்தலை. பாதி யோக்கியம், பாதி திருட்டா?”

இந்த முறை யாரும் கடையைக் கேட்கவில்லை.

“இது குகையில கிடைச்சதில்ல. ரெண்டும் ஃபேக்டரில செஞ்ச செராமிக். லேசா இருக்கது, மண்ண உருக்கிப் பஞ்சு மாதிரி இழையாக்கி அமுக்குனது. உள்ள அம்புட்டும் காத்து. இந்தப் பக்கம் தீ எரிஞ்சாலும் அந்தப் பக்கம் சூடு போய்ச் சேர வெகு நேரம் ஆகும். உலைக்கு உள்பக்கம் நானே எம்புட்டோ ஒட்டிருக்கேன். கனமா இருக்கது, பொடியக் கெட்டியா அமுக்கிச் சுட்டது. லேசுல தேயாது. ஆனா சூட்டத் தடுக்காது.” ஞானபாக்கியம் பக்கம் திரும்பினார். “நீ சுத்துற மெஷின்ல நூல் ஓடுறதுக்கு வெள்ளையா ஒரு வளையம் இருக்குல்லா? இரும்புல போட்டா நூலே அந்த இரும்ப அறுத்துப்புடும்னு மாட்டிருக்கோம். அதுவும் இந்தக் கெட்டிச் சாதிதான். பத்து வருசமா தொட்டுட்டு இருக்கே, அருள் வந்துச்சா?”

“இல்ல பாய். கைதான் காச்சுப்போச்சு” என்றாள்.

“சாமி, நீங்க எந்த உலையில வேலை பாத்திய?”

“வடக்க... கான்ட்ராக்ட்ல...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு, சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் தணல்சாமி போய், உலையைப் பிரித்த இடத்தில் இரண்டு கல்லைச் சுருட்டிக்கொண்டு வந்த தவசிமுத்து நின்றுகொண்டிருந்தார். கனத்த கல்லை நீங்களே ஏந்துங்கள் என்று யாரோ சொன்னதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கைகள் அவருக்கும் தேவைப்பட்டன.

“அப்போ என் சங்கிலி?” என்றாள் ரத்தினம்.

“போலீஸ்ல எழுதிக் கொடு” என்றார் பிச்சை முகம்மது. சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை.

கூட்டம் தவசிமுத்துவை அடிக்கப் பாய்ந்தது. போன நிமிஷம்வரை கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கைகள். அப்போது கான்சாபுரத்தில் ஆடு மேய்க்கும் காசிராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். வலது கையை விரித்துக் காட்டினார். விரல்கள் முழுதாக விரியவில்லை. உள்ளங்கை முழுக்கச் சுருங்கிய தழும்பு.

“போன வருசம் ஆடு திருடலைன்னு இதே இடத்துல சொன்னேன். கை வெந்துச்சு. பாத்துட்டு நீங்கதான கை தட்டுனிய? எம் மவளுக்கு நிச்சயம் பண்ணுன மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அன்னைக்கே திரும்பிப் போயிட்டாக. அவன அடிக்கது இருக்கட்டும். எனக்கு யாருய்யா பதில் சொல்லுவா?”

பாதிப் பேர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்கள். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, அவர் கை வெந்த அன்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

பதினேழு பேர் கை வெந்த கொட்டகை அது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் சுற்றி நின்ற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்கும், அந்த இரண்டு கல்லையும் ஆறவைத்துக் கையில் தூக்கிப் பார்ப்போம் என்று தோன்றவில்லை. கல் சுடுவது அதன் குணம். அதற்கு மூளை கிடையாது. நமக்கு என்ன சாக்கு?